சங்கு போன வழி

அன்புள்ள அக்காவுக்கு,

பெரியபட்டினத்திலிருந்து எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம். சென்னையில் நகை வடிவமைப்பு படித்துவிட்டு ஊருக்கே திரும்பி வந்தவள். வாப்பா சங்கு குளித்தவர். உடம்பு முடியாமல் இப்போது கடலுக்குப் போவதில்லை. நான் வீட்டில் இருந்தபடியே சிப்பி, சோழி, சங்குத் துண்டு, வெள்ளிக் கம்பி வைத்துக் காதணியும் மாலையும் செய்கிறேன். ராமேஸ்வரம் கடைகளுக்குக் கொடுக்கிறேன், இன்ஸ்டாகிராமிலும் விற்கிறேன்.

சமீபத்தில் ஒரு வெளிநாட்டு வடிவமைப்பாளரின் பேட்டி பார்த்தேன். வருஷத்தில் பாதி நாள் பயணத்தில் இருக்கிறார். ஆப்பிரிக்காவில் மணி, ஓமானில் வெள்ளி, இத்தாலியில் பவளம், ஜப்பானில் முத்து என்று வாங்கி வந்து சேர்த்து நகை செய்கிறார். அவருடைய மேசையைப் பார்த்த பிறகு என் மேசை வெறுமையாகத் தெரிகிறது. எனக்குக் கிடைப்பது கரையில் ஒதுங்குவதுதானே! உலகம் சுற்றாமல் நல்ல வடிவமைப்பாளர் ஆக முடியுமா? ஒரு பயணத்துக்குக் காணும் அளவுக்குப் பணம் சேர்த்திருக்கிறேன். எங்கே போகலாம்? போகிற இடத்தில் பார்க்கும் வடிவங்களை எடுத்துக்கொள்வது சரியா?

— ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

போய்த்தான் ஆக வேண்டும். "எல்லாம் நம்மூரிலேயே இருக்கிறது, வெளியே எதற்கு" என்று சொல்லி உங்களை உட்கார வைக்க எனக்கு மனமில்லை. அதைச் சொல்ல ஊரில் ஏற்கெனவே நிறையப் பேர் இருப்பார்கள். ஆனால் அந்தப் பேட்டியில் வந்த மாதிரி, நாட்டுக்கு ஒரு பொருளாக வாங்கி மேசையை நிரப்பும் பயணம் உங்களுக்கு வேண்டாம். ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு அது போன வழியிலேயே போங்கள். உங்கள் கையில் இருக்கும் பொருள் சங்கு. ஆகவே என் பதில் பிஷ்ணுபூர். மேற்கு வங்காளத்தில் பாங்குரா மாவட்டத்தில் இருக்கிறது.

உங்கள் வாப்பா மூச்சடக்கி எடுத்த சங்குகளில் ஒரு நல்ல பங்கு வங்காளத்துக்குத்தான் போயிருக்கும். அங்கே இந்துப் பெண்கள் கல்யாணத்தில் போட்டுக்கொள்ளும் வெள்ளை வளையலை ஷாங்கா என்கிறார்கள். நம் மன்னார் வளைகுடாவிலும் இலங்கைக் கடலிலும் கிடைக்கும் சங்கை அறுத்துச் செய்வது அது. டாக்காவில் ஷாங்காரி பஜார் என்று இந்தத் தொழிலுக்கே ஒரு பழைய தெரு இருக்கிறது. பிஷ்ணுபூரில் பட்டறைகள் இருக்கின்றன. வங்காளத்துச் சங்கு வியாபாரிகள் சொல்லும் ரகங்களின் வரிசையில் ராமேஸ்வரி என்றே ஒரு ரகம் உண்டு. இவ்வளவு தூரம் நம் கடலோடு சம்பந்தப்பட்ட ஒரு நகைத் தொழிலை நம் கரையில் இருப்பவர்கள் பெரும்பாலும் பார்த்ததே இல்லை. மூட்டை கட்டி அனுப்பியதோடு நம் கதை முடிந்துவிடுகிறது. எனக்கு இது பெரிய ஆதங்கம்.

பட்டறையில் என்ன பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். சங்கின் வால் பக்கத்தையும் தலை பக்கத்தையும் முதலில் எடுத்துவிடுகிறார்கள். நடுவில் பருத்திருக்கும் உடம்பை ரம்பச் சக்கரத்தில் கொடுத்துக் குறுக்காக வளையம் வளையமாக அறுக்கிறார்கள். ஒரு சங்கில் நல்ல வளையம் சிலதுதான் தேறும். அறுத்தவுடன் அது வட்டமாகவும் இருக்காது. சங்கு திருகிக்கொண்டே வளர்ந்ததால் ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும் இருக்கும். உள்பக்கத்தையும் வெளிப்பக்கத்தையும் ராவி ராவித்தான் வட்டத்துக்குக் கொண்டுவருகிறார்கள். நான் உட்கார்ந்திருந்த பட்டறையில் ஒரு பெரியவர், செதுக்குவதற்கு முன்னால் ஒவ்வொரு வளையத்தையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து மெதுவாகத் திருப்பிப் பார்ப்பார். கடல் புழு துளைத்த இடங்கள் புள்ளி புள்ளியாகத் தெரியும். அந்த இடத்தில் வெள்ளைப் பொடியைக் குழைத்து அடைப்பார். பூவோ இலையோ சரியாக அதன் மேல் விழும்படி அரத்தை வைப்பார். பூ எங்கே வர வேண்டும் என்பதைப் புழுதான் முடிவு செய்கிறது. எந்தப் பூ என்பதை மட்டும் அவர் முடிவு செய்கிறார். கல்லூரியில் படித்த எந்தப் பாடத்தையும்விட எனக்கு இது உதவியிருக்கிறது. காகிதத்தில் வரைந்துவிட்டுப் பொருளைத் தேடிப் போவதை அதற்குப் பிறகு விட்டுவிட்டேன்.

அப்புறம், அங்கே ஒரு கல்யாணமான பெண்ணின் மணிக்கட்டைக் கவனித்துப் பாருங்கள். வெள்ளை ஷாங்காவோடு சிவப்பாக ஒரு வளையல் இருக்கும். அது போலா, பவள வளையல். இன்று கடைகளில் விற்பது பெரும்பாலும் பிளாஸ்டிக்தான். ஆனால் பழைய வழக்கப்படி அது அசல் செம்பவளம். நகைக்கு ஆகும் செம்பவளம் பன்னெடுங்காலமாக மத்தியதரைக் கடலிலிருந்து வந்த சரக்கு. இத்தாலியில் நேப்பிள்ஸ் பக்கத்தில் தோரே தெல் கிரேக்கோ என்ற ஊரில் தலைமுறை தலைமுறையாக அதை வெட்டி மெருகேற்றுகிறார்கள். இந்தியர்கள் பவளத்தை மதிப்பதும் ரோமானியப் பெண்கள் இந்திய முத்தை மதிப்பதும் ஒரே அளவில்தான் என்று முதல் நூற்றாண்டிலேயே பிளினி என்ற ரோமானிய எழுத்தாளர் எழுதிவைத்தார். அந்த ரோமானியர்களின் காசுகள் நம் அழகன்குளத்தில், வைகை கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில், தோண்டி எடுக்கப்பட்டன. அதே அகழாய்வில் சங்கு வளையல் துண்டுகளும் கிடைத்தன. நம் கரைச் சங்கும் இத்தாலிக் கடல் பவளமும் ஒரு வங்காளத்துப் பெண்ணின் கையில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. பேட்டியில் வந்தவர் விமானம் ஏறிப் போய்ச் சேர்த்ததை வணிகர்கள் என்றோ சேர்த்து வைத்துவிட்டார்கள்.

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அந்தச் செம்பவளம் வேறு, நம் கடலில் இருக்கும் பவளப்பாறை வேறு. நம்முடையது சுண்ணாம்பாக இறுகிய பாறை. மெருகேற்றி நகையாக்கும் பொருள் அல்ல. அதைவிட முக்கியம், அது உயிருள்ளது. பவளப்பாறை, கடல் விசிறி, கடல் குதிரை எல்லாம் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. செத்து ஒதுங்கிய துண்டாக இருந்தாலும் எடுக்கக் கூடாது, விற்கக் கூடாது. தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் பக்கம் வரை வரிசையாகக் கிடக்கும் தீவுகள் 1986-இலிருந்து தேசியப் பூங்கா. அங்கிருந்து ஒரு சிப்பிகூட உங்கள் மேசைக்கு வர வேண்டாம். "பழைய சரக்கு, பரவாயில்லை" என்று யாராவது கொண்டுவந்து கொடுத்தாலும் திருப்பி அனுப்பிவிடுங்கள். கரையில் ஒதுங்குவதுதானே என்று எழுதியிருந்தீர்கள். எது ஒதுங்குகிறது, எதைத் தொடலாம் என்பதை உங்கள் வாப்பாவைவிட நன்றாகச் சொல்லிக் கொடுப்பவர் கிடைக்க மாட்டார். அவரிடம் கேளுங்கள்.

தூரப் பயணம் வீண் என்று நான் சொல்லவில்லை. பணம் சேரச் சேரப் போங்கள். நான் கானாவுக்குப் போனதால் என் வேலையே மாறியது. அங்கே கிரோபோ மக்கள் பழைய பாட்டில்களை இடித்துப் பொடியாக்கிக் கண்ணாடி மணி செய்கிறார்கள். களிமண் அச்சில் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். பொடியை நிறம் நிறமாக, அடுக்கடுக்காக அதில் போடுகிறார்கள். ஒவ்வொரு குழியின் நடுவிலும் மரவள்ளி இலைக் காம்பை ஒரு துண்டு செருகி வைக்கிறார்கள். சூளையில் கண்ணாடி இளகிச் சேரும்போது காம்பு எரிந்து போய்விடும். அது இருந்த இடம்தான் துளை. நம் வீட்டுக் கொல்லையில் நிற்கும் அதே மரவள்ளிதான்! மணிக்கு முன்னாலேயே துளையை யோசித்துவிடுகிறார்கள். நாம் என்ன செய்கிறோம்? அழகான சிப்பியை எடுத்து வைத்துவிட்டு, எங்கே துளை போடலாம் என்று கடைசியில் தேடுகிறோம். அதனால்தான் நம் சிப்பி நகைகள் விளிம்பில் உடைகின்றன, காதில் ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்குகின்றன. கோஃபோரிடுவாவில் வியாழக்கிழமை கூடும் மணிச் சந்தையில் நானும் ஆசைப்பட்டு மணி வாங்கினேன். ஆனால் இன்றும் எனக்குச் சோறு போடுவது அந்தக் காம்புதான்.

முத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். முத்துக்காக ஜப்பான் போக வேண்டியதில்லை. தூத்துக்குடியில் 1961-இல் நடந்ததோடு நம் பக்கத்து முத்துக்குளிப்பு நின்றுபோனது. ஜப்பானில் மிகிமோட்டோ என்பவர் சிப்பிக்குள் முத்தை விளைவிப்பதில் முதல் வெற்றி கண்டது 1893-இல். அந்த ஜப்பான் முத்துக்குள் கருவாக வைக்கும் உருண்டை பெரும்பாலும் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்து மட்டி ஓட்டில் கடைந்தது. கடையில் இருக்கும் சாதாரண முத்தே அவ்வளவு தூரம் சுற்றி வந்ததுதான். கீழக்கரையிலோ உங்கள் ஊரிலோ பெரியவர்களிடம் பழைய முத்துச்சரம் இருந்தால் அனுமதி கேட்டு, பத்து மடங்கு லென்ஸ் வைத்துத் துளைக்குள் பாருங்கள். விளைவித்த முத்தில் கருவுக்கும் மேல் பூச்சுக்கும் நடுவே ஒரு கோடு தெரியும். கடலில் தானாக விளைந்ததில் அந்தக் கோடு இருக்காது, ஓரத்திலிருந்து நடுவரை மெல்லிய ஏடுகளாகப் போய்க்கொண்டே இருக்கும். லென்ஸுக்கு ஆகும் செலவு சில நூறு ரூபாய்தான்.

வடிவங்களை எடுத்துக்கொள்ளலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். உங்களுக்கு இது சுலபமாகப் புரியும் என்று நினைக்கிறேன். உங்கள் வீட்டில் கல்யாணத்தன்று கட்டும் கருகமணியை யாரோ ஒருவர் எங்கிருந்தோ வந்து பார்த்துவிட்டு, அதைக் கால் கொலுசாகச் செய்து விற்றால் உங்கள் உம்மாவுக்கு எப்படி இருக்கும்? ஷாங்காவும் அப்படித்தான். கணவன் இறந்தால் அதைக் கழற்றி உடைக்கும் வழக்கம் அங்கே இருந்திருக்கிறது. அவ்வளவு பாரம் ஏறிய ஒரு வளையலை, அழகாக இருக்கிறது என்று அப்படியே எடுத்துவந்து வேறு பெயரில் விற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. எடுத்துக்கொள்ள வேண்டியது கைவேலையின் வழி. குறுக்காக அறுப்பது, குறையின் மேல் செதுக்குவது, துளையை முதலில் யோசிப்பது இதெல்லாம் யாருக்கும் பொது. அதையும் சொல்லிக் கொடுத்தவர்களின் ஊரை உங்கள் நகையோடு போகும் அட்டையில் எழுதுங்கள். அவர்களிடம் பொருள் வாங்கினால் பேரம் பேசாதீர்கள். ராமேஸ்வரம் கடைக்காரர் உங்களிடம் அடித்துப் பேசும்போது எப்படி இருக்கும் என்று தெரியும்தானே.

உருவங்களுக்கு முதலில் ராமநாதபுரத்தில் ராமலிங்க விலாசம் அரண்மனைக்குப் போய்ப் பாருங்கள். சேதுபதிகள் காலத்துச் சுவரோவியங்கள் அறை முழுக்க இருக்கின்றன. கதையை விட்டுவிட்டு, கழுத்தும் காதும் கையும் மட்டும் பார்த்து வரைந்துகொண்டு வாருங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் நிரம்பிவிடும். உங்கள் ஊர் மண்ணிலேயே பழைய சீனப் பீங்கான் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. சீனக் கப்பல்களின் சரக்கு வந்து இறங்கிய ஊர் பெரியபட்டினம். அந்தப் பீங்கானின் வெளிறிய பச்சை நிறம் வெள்ளைச் சங்குக்குப் பக்கத்தில் எப்படி இருக்கும் என்று நான் பல நாள் யோசித்ததுண்டு. எனாமலில் அந்தப் பச்சையைக் கொண்டுவர முடியும். நீங்கள் செய்து பாருங்கள். துண்டுகளை மட்டும் பொறுக்காதீர்கள், அவை அகழாய்வுக்காரர்களுக்கு உரியவை.

இப்போதைக்கு வேலையில் ஒரு மாற்றம். பளிச்சென்று வெளுப்பதற்காக ஆசிடில் முக்கிய சங்கை வாங்காதீர்கள். ஆசிட் சங்கின் மேல் பகுதியையே கரைத்துவிடும், இயல்பான வழவழப்பு போய்ச் சுண்ணாம்பு மாதிரி ஆகிவிடும். பழுப்புத் தோலோடு இருக்கும் சங்கை வாங்கிக் கையால் சுரண்டி எடுங்கள். அறுக்கும்போது தண்ணீர் விட்டுக்கொண்டே அறுங்கள். மூக்கையும் வாயையும் மூடும் நல்ல மாஸ்க் இல்லாமல் ரம்பத்தைத் தொடாதீர்கள். சங்குத் தூள் நெஞ்சுக்குள் போனால் லேசில் விடாது. வீட்டுக்குள் வைத்து அறுக்கவே கூடாது.

பிஷ்ணுபூருக்குச் சென்னையிலிருந்து ஹவுரா மெயிலில் போய், ஹவுராவிலிருந்து வேறு ரயில் மாற வேண்டும். துர்கா பூஜைக்கு முந்தைய வாரங்களில் போகாதீர்கள், பட்டறையில் யாருக்கும் பேச நேரம் இருக்காது. வாப்பா எடுத்த சங்கு வீட்டில் மிச்சம் இருந்தால் ஒன்றைக் கொண்டுபோங்கள். விலை சொல்லாமல் பட்டறைப் பெரியவர் கையில் கொடுத்து, இதை எப்படி அறுப்பீர்கள் என்று கேளுங்கள். பாஷை தெரியாதே என்று தயங்க வேண்டாம், அவர் கை வைக்கும் இடத்தைப் பார்த்தால் போதும். முடிந்தால் வாப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

அன்புடன்,
அக்கா