வெளிநாட்டுப் படைவீரர் குற்றம் செய்தால் விசாரிப்பது யார்?

கேள்வி: ஒரு நாட்டில் தளம் அமைத்திருக்கும் வெளிநாட்டு ராணுவத்தைச் சேர்ந்தவர் அங்கே ஒருவரைக் கொன்றாலோ பாலியல் வன்முறை செய்தாலோ உள்ளூர் போலீஸ் கைது செய்ய முடியுமா? எந்த நாட்டு நீதிமன்றம் விசாரிக்கும்?

இரு நாடுகளுக்கும் இடையே என்ன ஒப்பந்தம் இருக்கிறதோ அதைப் பொறுத்தது. தளத்துக்கு வெளியே, தெருவில் குற்றம் நடந்தால் உள்ளூர் போலீஸ் பிடிப்பதைப் பெரும்பாலான ஒப்பந்தங்கள் தடுப்பதில்லை. சிக்கல் அதற்குப் பிறகுதான். நான் வழக்கறிஞர். சட்டம் படித்த நாளிலிருந்து இந்த வழக்குகளைத் தேடித் தேடிப் படிக்கிறேன். படிக்கப் படிக்க எனக்கு உறுதியானது ஒன்று: விசாரிக்கும் உரிமை யாருக்கு என்று காகிதத்தில் எழுதியிருப்பதைவிட, குற்றம் நடந்தபோது அவர் பணியில் இருந்தாரா என்பதை யார் முடிவு செய்வது, வழக்கு முடியும் வரை அவரை யார் காவலில் வைத்திருப்பது, இந்த இரண்டும்தான் வழக்கின் தலையெழுத்தை எழுதுகின்றன.

அனுமதியோடு வரும் அந்நியப் படை தன் சட்டத்தையும் கூடவே கொண்டுவருகிறது என்பது பழைய கொள்கை. 1812-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் ஒரு கப்பல் வழக்கில் எழுதியதை இதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். ஆனால் அவர் மனதில் இருந்தது ஒரு நாட்டைக் கடந்து போகும் படை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு படைகள் கடந்து போகாமல் பல பத்தாண்டுகள் அங்கேயே தங்கிவிட்டன. அதனால் 1951 ஜூன் 19 அன்று லண்டனில் நேட்டோ நாடுகள் படைகளின் தகுநிலை பற்றி ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து இவ்வகை ஒப்பந்தங்களை ‘சோஃபா’ என்பார்கள். அதன் 7-வது பிரிவுதான் பின்னால் வந்த பலவற்றுக்கு அச்சு. இரு நாட்டுச் சட்டப்படியும் குற்றம் என்றால், இரண்டு சூழலில் மட்டும் படையை அனுப்பிய நாட்டுக்கு முதல் உரிமை: குற்றம் தங்கள் ஆட்களுக்குள்ளேயே, அல்லது தங்கள் சொத்துக்கோ பாதுகாப்புக்கோ எதிராக நடந்திருந்தால் ஒன்று; பணியைச் செய்யும்போது நடந்திருந்தால் இன்னொன்று. மற்ற எல்லாவற்றிலும் உள்ளூர் நீதிமன்றத்துக்கே முதல் உரிமை. முதல் உரிமை உள்ள நாடு அதை விட்டுக்கொடுக்கலாம். மற்ற நாடு கேட்டால் ‘பரிவோடு பரிசீலிக்க வேண்டும்’.

படித்தால் நியாயமாகத்தான் இருக்கிறது. ‘பணியைச் செய்யும்போது’ என்ற சொற்களில்தான் எல்லாம் இருக்கிறது.

1957 ஜனவரி 30. ஜப்பானின் குன்மா மாகாணத்தில் ஒரு துப்பாக்கிப் பயிற்சித் திடல். அமெரிக்கப் படை பயிற்சி முடித்ததும் சுற்றுவட்டாரத்து ஏழைகள் உள்ளே வந்து பித்தளைத் தோட்டா உறைகளைப் பொறுக்கி விற்பார்கள். அன்று இடைவேளையில் ஓர் இயந்திரத் துப்பாக்கிக்குக் காவலாக நிறுத்தப்பட்டிருந்த ஜிரார்ட் என்ற வீரர், துப்பாக்கியில் பொருத்தியிருந்த குண்டு ஏவும் கருவியில் ஒரு வெற்று உறையைப் போட்டுச் சுட்டார். உறை பொறுக்க வந்த 46 வயதுப் பெண்ணின் முதுகில் பாய்ந்து அவர் இறந்துபோனார். காவல் பணியில் இருந்தார், எனவே விசாரிப்பது எங்கள் உரிமை என்றது அமெரிக்க ராணுவம். காவல் காப்பது பணிதான். ஓடுகிற பெண்ணைப் பார்த்து உறையைச் சுடுவது எந்தப் பணியில் சேரும் என்று கேட்டது ஜப்பான். இரு நாட்டுக் கூட்டுக் குழுவில் நீண்ட பேச்சுக்குப் பின் அமெரிக்கா விட்டுக்கொடுத்தது. சொந்த நாட்டு வீரரை அந்நிய நீதிமன்றத்திடம் ஒப்படைப்பதா என்று அமெரிக்காவில் பெரும் கொந்தளிப்பு. கீழ் நீதிமன்றம் ஒப்படைக்கத் தடை விதித்தது. ஜூலை 11 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. தன் எல்லைக்குள் நடக்கும் குற்றத்தைத் தண்டிக்கும் உரிமை இறையாண்மையுள்ள நாட்டுக்கே உண்டு, அதுவாக விட்டுக்கொடுத்தால் ஒழிய என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

மாணவனாக இதைப் படித்தபோது சட்டத்தின் மேல் பெரிய நம்பிக்கை வந்தது. தொடர்ந்து படித்தேன். மாயெபாஷி மாவட்ட நீதிமன்றம் கொடுத்தது மூன்று ஆண்டுச் சிறை, அதுவும் நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை. ஜிரார்ட் ஊருக்குத் திரும்பினார். கொலை வழக்குப் போடாமல் காயம் விளைவித்து மரணம் ஏற்படுத்தியதாக மட்டும் வழக்குத் தொடர இரு அரசுகளும் ரகசியமாகப் பேசி முடித்திருந்தன என்பது பல பத்தாண்டுகளுக்குப் பின் வெளியான ஆவணங்களில் தெரியவந்தது. இதற்கும் முன்பே, 1953-இல், மிக முக்கியமான வழக்குகள் தவிர மற்றவற்றில் முதல் உரிமையைப் பயன்படுத்தும் எண்ணம் இல்லை என்று ஜப்பானியத் தரப்பு அமெரிக்காவிடம் சொல்லியிருந்தது. அந்தக் குறிப்பை ஜப்பான் அரசு வெளியிட்டது 2011-இல். மக்களுக்குக் காட்டிய ஒப்பந்தம் ஒன்று, நடைமுறைக்கு வைத்துக்கொண்ட புரிதல் இன்னொன்று. எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது.

தென்கொரியாவில் இதே ‘பணி’ வேறு முடிவைத் தந்தது. 2002 ஜூன் 13 அன்று யாங்ஜு அருகே ஒரு குறுகிய சாலையில் அமெரிக்கக் கவச வண்டி ஏறி 14 வயது மாணவிகள் இருவர் இறந்தார்கள். வண்டி பயிற்சியில் இருந்தது, ஆகவே பணி. கொரிய அரசு உரிமையை விட்டுத்தரக் கேட்டும் அமெரிக்கா மறுத்தது. நவம்பரில் அமெரிக்க ராணுவ நீதிமன்றம் வீரர்கள் இருவரையும் விடுவித்தது. ஒரு முறை ஒரு நாடு விசாரித்து விடுவித்துவிட்டால் அதே குற்றத்துக்கு அங்கே மறுபடி வழக்குப் போட முடியாது என்பதும் ஒப்பந்தத்தில் உண்டு. பெற்றோருக்கு அத்தோடு கதவு மூடிவிட்டது. மெழுகுவத்தி ஏந்திப் பல்லாயிரம் பேர் சியோல் தெருக்களில் இறங்கியது அதனால்தான். குற்றம் நடந்தபோது பணியில் இருந்தார் என்று சான்றிதழ் தருவது அந்த வீரரின் மேலதிகாரி. உள்ளூர் அரசு வழக்கறிஞர் அதை மறுக்க வழி இருக்கிறது, ஆனால் மறுப்பு போய் முடிவது தூதரகப் பேச்சுவார்த்தையில்.

இனி காவல். ஒகினாவா ஜப்பானின் நிலப்பரப்பில் 0.6 சதவீதம்தான், ஆனால் அந்நாட்டில் அமெரிக்கப் படைக்கென்று ஒதுக்கிய தள நிலத்தில் சுமார் 70 சதவீதம் அங்கே இருக்கிறது. 1995 செப்டம்பர் 4 அன்று அமெரிக்கப் படையினர் மூவர் 12 வயதுச் சிறுமியைக் கடத்திப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். இதில் பணி என்ற பேச்சுக்கே இடமில்லை, முதல் உரிமை ஜப்பானுக்கு. உள்ளூர் போலீஸ் கைது வாரண்டும் வாங்கிவிட்டது. ஆனால் சந்தேக நபர் ஏற்கெனவே அமெரிக்கர்கள் கையில் இருந்தால், குற்றச்சாட்டு பதிவாகும் வரை அங்கேயே இருப்பார் என்கிறது ஒப்பந்தம். மூவரும் ஒப்படைக்கப்பட்டது செப்டம்பர் 29-இல்தான். குற்ற வழக்குகளைக் கையாண்டவர்களுக்குத் தெரியும், முதல் சில நாட்களின் விசாரணைதான் வழக்கின் உயிர். அக்டோபர் 21 அன்று ஏறத்தாழ 85,000 பேர் ஒகினாவாவில் திரண்டார்கள். அதன் பிறகே, கொலை, பாலியல் வன்கொடுமை ஆகியவற்றில் குற்றச்சாட்டுக்கு முன்பே ஒப்படைக்கக் கேட்டால் பரிவோடு பரிசீலிப்போம் என்று அமெரிக்கா இறங்கிவந்தது. ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட மாறவில்லை. மூவருக்கும் நாஹா நீதிமன்றத்தில் ஆறரை முதல் ஏழு ஆண்டுகள் தண்டனை கிடைத்தது.

பிலிப்பைன்ஸில் இன்னும் கடுமை. 1998-இன் வருகைப் படைகள் ஒப்பந்தப்படி, வழக்கு நடவடிக்கைகள் முடியும் வரை அமெரிக்கா கேட்டால் காவல் அவர்களிடமே; ஓராண்டுக்குள் விசாரணை முடியாவிட்டால் ஆளைக் கொண்டுவந்து நிறுத்தும் கடமையும் அவர்களுக்கு இல்லை. 2014-இல் ஒலோங்கபோ நகரில் ஒரு திருநங்கையைக் கொன்ற அமெரிக்க வீரருக்கு 2015 டிசம்பரில் தண்டனை கிடைத்தது, அந்தக் கெடுவுக்குள் ஓடி முடித்த வழக்கு. அவர் சாதாரணச் சிறைக்குப் போகவே இல்லை. ஒரு ராணுவ முகாமுக்குள் தனி அறையில் இருந்தார். 2020 செப்டம்பரில் அதிபர் டுடெர்டே அவருக்கு மன்னிப்பு வழங்கினார்.

ஐ.நா. அமைதிப்படைக்கு இந்த முதல் உரிமைப் பங்கீடுகூடக் கிடையாது. படை அனுப்பிய நாடு மட்டுமே விசாரிக்கலாம். ஹைட்டியில் இருந்த இலங்கைப் படையினர் நூற்றுக்கும் மேற்பட்டோர் 2007 நவம்பரில் பாலியல் சுரண்டல் புகாரில் திருப்பி அனுப்பப்பட்டார்கள். பாதிக்கப்பட்டவர்களில் சிறுமிகளும் உண்டு. ஹைட்டி நீதிமன்றம் எதுவும் அவர்களைத் தொட முடியவில்லை. திரும்பியவர்களில் யாரும் சிறைக்குப் போகவில்லை என்று 2017-இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் எழுதியது.

இந்தியப் படையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 70-வது பிரிவுப்படி, உள்நாட்டில் சாதாரணக் காலத்தில் வீரர் ஒருவர் பொதுமக்களில் ஒருவரைக் கொன்றாலோ பாலியல் வன்கொடுமை செய்தாலோ ராணுவ நீதிமன்றம் விசாரிக்க முடியாது, பொது நீதிமன்றத்துக்குத்தான் வழக்கு போகும். ஆனால் போர்ப்பணியிலோ நாட்டுக்கு வெளியிலோ நடந்தால் ராணுவ நீதிமன்றமே விசாரிக்கலாம். இலங்கையில் இந்திய அமைதிப்படை இருந்தபோது, 1987 அக்டோபர் 21, 22-இல் அந்தப் படை நுழைந்த யாழ்ப்பாணம் மருத்துவமனையில் நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியருமாக 60-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். படுகொலை என்கிறார்கள் தப்பியவர்கள். மோதலுக்கிடையே நேர்ந்தது என்கிறது இந்தியத் தரப்பு. எது உண்மை என்று சாட்சிகளை நிறுத்திக் கேட்கும் பொது விசாரணை இரு நாட்டிலும் நடக்கவில்லை.

ஒப்பந்தமே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு என்ரிகா லெக்ஸி வழக்கைப் பாருங்கள். 2012 பிப்ரவரி 15 அன்று, கேரளக் கரையிலிருந்து 20 கடல் மைல் அளவு தொலைவில், இத்தாலிய எண்ணெய்க் கப்பலில் பாதுகாப்புக்கு இருந்த அந்நாட்டுக் கடற்படை வீரர்கள் சுட்டதில் ‘செயின்ட் ஆண்டனி’ படகில் இருந்த மீனவர்கள் இருவர் இறந்தார்கள். ஒருவர் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். கேரள போலீஸ் கைது செய்தது. கேரளத்துக்கு அதிகாரமில்லை, ஒன்றிய அரசுக்குத்தான் என்றது உச்ச நீதிமன்றம். பிறகு ஹாம்பர்க் கடல்சட்டத் தீர்ப்பாயம், அதன்பின் தி ஹேக் நடுவர் தீர்ப்பாயம். 2020 ஜூலையில் வெளியான தீர்ப்பு, வீரர்கள் அரசுப் பணியாளர்கள் என்பதால் இந்திய நீதிமன்றங்களிலிருந்து அவர்களுக்கு விலக்குரிமை உண்டு, இந்தியாவுக்கு இழப்பீடு உண்டு என்றது. 10 கோடி ரூபாய் வந்தது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்துவைத்தது. இத்தாலியில் தொடங்கிய விசாரணையும் 2022 ஜனவரியில் கைவிடப்பட்டது. யார் விசாரிப்பது என்று பத்தாண்டுகள் வாதாடினார்கள். அந்த இரண்டு பேரைச் சுட்டது குற்றமா என்று எந்த நீதிமன்றமும் விசாரித்துச் சொல்லவில்லை.