மரியா தெரசாவும் மகள்களும்: கேள்வி பதில்

18-ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரியாவை ஆண்ட அரசி மரியா தெரசா, அவருடைய மகள்கள் பற்றி வந்த கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: பெண்ணான அவர் பட்டத்துக்கு வந்தது எப்படி ஐயா?

தந்தை ஆறாம் சார்லஸ் 1713-லேயே பெண் வாரிசும் ஹாப்ஸ்பர்க் (ஆஸ்திரிய அரச குடும்பம்) நாடுகளை ஆளலாம் என்று ஆணை பிறப்பித்து, மற்ற அரசுகளிடமும் ஒப்புதல் வாங்கி வைத்திருந்தார். 1740 அக்டோபரில் அவர் இறந்தார். டிசம்பரிலேயே பிரஷ்யாவின் மன்னர் இரண்டாம் பிரெடெரிக், தன் அப்பா கொடுத்த ஒப்புதலையும் மீறி, அந்த நாடுகளில் ஒன்றான சைலீசியாவுக்குள் படையோடு புகுந்துவிட்டார். மரியா தெரசாவுக்கு அப்போது 23 வயது, வயிற்றில் பிள்ளை வேறு. சைலீசியாவின் பெரும்பகுதி கடைசிவரை திரும்பக் கிடைக்கவில்லை. மற்ற நாடுகளில் பெரும்பாலானவற்றைக் காப்பாற்றிக்கொண்டார்.

கேள்வி: 16 குழந்தைகள் என்பது உண்மையா?

உண்மை. 11 பெண்கள், 5 ஆண்கள். பத்துப் பேர்தான் வளர்ந்து பெரியவர்களானார்கள்.

கேள்வி: மகள்களின் கல்யாணத்தில் அவர்கள் விருப்பத்தை யாராவது கேட்டார்களா?

ஒரே ஒருவரிடம்தான். அம்மாவின் பிறந்தநாளான மே 13-லேயே பிறந்த செல்ல மகள் மரியா கிறிஸ்டினா, காதலித்த சாக்சனி இளவரசர் ஆல்பர்ட்டையே 1766-ல் மணந்தார். மரியா அமாலியாவும் ஒருவரை விரும்பினார். ஆனால் அமாலியாவை 1769-ல் இத்தாலியிலுள்ள பார்மாவின் பிரபுவுக்குக் கட்டிவைத்தார்கள். அந்தக் கசப்பு அவருக்குத் தீரவே இல்லை. இந்தப் பாரபட்சத்துக்கு என்னால் சமாதானம் சொல்ல முடியாது.

இத்தாலியின் நேப்பிள்ஸ் நாட்டுச் சம்பந்தம் இன்னும் கொடுமை. மன்னர் பெர்டினாண்டுக்கு முதலில் பேசிவைத்த மகள் யோஹானா 1762-ல் பெரியம்மையில் இறந்தார். அடுத்து நிச்சயித்த யோசெஃபாவும் 1767-ல் புறப்படும் சமயத்தில் அதே நோயில் போய்விட்டார். அப்புறம் மூன்றாவதாக மரியா கரோலினாவை அனுப்பினார்கள். பெண் மாறினாலும் சம்பந்தம் மாறக் கூடாது என்பதுதான் அன்றைய அரச குடும்பங்களின் கணக்கு.

கேள்வி: மரி அந்துவானெத்தை விட்டுவிட்டீர்களே?

எல்லோரும் அவரைத்தான் கேட்கிறீர்கள், நான் கரோலினாவைப் பற்றிப் பேசத்தான் ஆசைப்படுகிறேன்! அந்துவானெத் 14 வயதில், 1770-ல், பிரான்ஸின் பட்டத்து இளவரசருக்கு மனைவியானார். அங்கே அவர் செய்வதையெல்லாம் ஆஸ்திரியத் தூதர் மெர்சி ரகசியமாக அம்மாவுக்கு எழுதிக்கொண்டிருந்தார். அரசியலில் அந்தப் பெண்ணுக்கு என்று உறுதியான இடம் எதுவும் எழுதித் தரப்படவில்லை.

கரோலினாவின் திருமண ஒப்பந்தத்திலோ, ஆண் குழந்தை பிறந்ததும் அரசவை ஆலோசனைக் குழுவில் இடம் என்று எழுதியிருந்தது. 1775-ல் மகன் பிறந்தான். அடுத்த ஆண்டே, நெடுங்காலம் அதிகாரத்தில் இருந்த அமைச்சர் தனூச்சி பதவி இழந்தார். கணவர் வேட்டையில் இருக்க, நேப்பிள்ஸின் ஆட்சி கரோலினாவின் கைக்கு வந்தது. சகோதரிகளில் அம்மாவின் ஆளும் திறமை இறங்கியிருந்தது இவரிடம்தான் என்பேன்.

கேள்வி: கல்யாணமே ஆகாத மகள்கள்?

அழகி என்று பேர் வாங்கிய எலிசபெத் 1767 பெரியம்மையில் உயிர் தப்பினார். முகத்தில் தழும்பு விழுந்ததால் கல்யாணப் பேச்சு நின்றது. பின்னாளில் இன்ஸ்ப்ருக்கில் உயர்குலப் பெண்களுக்கான மடத்தின் தலைவியானார். மூத்தவர் மரியா அன்னாவுக்கு உடல்நலம் இல்லை. கனிமங்கள் சேகரிப்பதில் ஆழ்ந்த ஈடுபாடு. அம்மா இறந்ததும் கிளாகன்ஃபர்ட்டில் போய்க் குடியேறினார்.

கேள்வி: பெரியம்மைக்கு ஒன்றுமே செய்யவில்லையா?

மரியா தெரசா செய்தார். 1767-ல் அவரே நோயில் விழுந்து பிழைத்தவர். மறு ஆண்டு மருத்துவர் இங்கன்ஹவுஸை வரவழைத்து, மிச்சமிருந்த சிறு பிள்ளைகளுக்கு அம்மை குத்தவைத்தார்.