பிரான்சின் மலையூர்களில் உள்ள வெந்நீர் ஊற்றுச் சிகிச்சை முழங்கால் வலியைக் குறைக்குமா? புதுச்சேரியிலிருந்து போனவர்கள் அனுபவம் சொல்ல முடியுமா?

குறைக்கும், ஆனால் மூன்று வாரம் முழுவதும் அங்கே தங்க முடிந்தால்தான். இரண்டு நாள் போய்க் குளித்துவிட்டு வருவது உடம்புக்குச் சுகமாக இருக்குமே தவிர, அதைச் சிகிச்சை என்று நான் சொல்ல மாட்டேன்.

2017 மே மாதம், பிரனே மலைத்தொடரில் அந்தோரா என்ற குட்டி நாட்டின் எல்லைக்கு அருகில் உள்ள ஆக்ஸ்-லே-தெர்ம் என்ற சிற்றூருக்கு அம்மாவுக்குத் துணையாகப் போயிருந்தேன். எங்களுடையது புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு சொல்தா (பிரெஞ்சுப் படைவீரர்) குடும்பம். அப்பா பிரெஞ்சு இராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் காலமான பிறகு அம்மா பிரான்சின் துலூஸ் நகரில் அக்காவுடன் இருந்தார். இரண்டு முழங்காலும் தேய்ந்து, மாடிப்படியைப் பார்த்தாலே நின்றுவிடுகிற நிலையில்தான் அங்குள்ள மருத்துவர் இதற்கு எழுதிக் கொடுத்தார்.

எழுதிக் கொடுத்தார் என்பதைக் கவனியுங்கள். 'கியூர் தெர்மால்' என்று அவர்கள் சொல்லும் இந்தச் சிகிச்சை உல்லாசப் பயணம் அன்று. மருத்துவர் படிவத்தில் பரிந்துரைக்க, அரசுக் காப்பீடு முன்கூட்டியே ஒப்புதல் அளித்தால், ஆண்டுக்கு ஒரு முறை, 18 நாள் சிகிச்சைக்கான கட்டணத்தில் நாங்கள் போனபோது 65 விழுக்காட்டை அது ஏற்றது. தங்கும் செலவும் பயணச் செலவும் குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு மட்டுமே, அதுவும் ஓரளவுக்குத்தான் கிடைக்கும். பாதியில் தகுந்த காரணம் இல்லாமல் விட்டுவந்தால் பணம் கைக்கு வருவது கடினம்.

துலூஸிலிருந்து இரயிலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். இறங்கியதும் மூக்கில் ஏறுவது கந்தக வாடை. "மலைக்குள்ள எரிமலை ஏதாச்சும் இருக்காடி?" என்று அம்மா கேட்டார். எரிமலை இல்லை. மழைநீரும் பனியுருகிய நீரும் பாறைப் பிளவுகள் வழியாக மிக ஆழத்துக்கு இறங்குகின்றன. பூமிக்குள் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் சுமார் 30 டிகிரி சூடு கூடும் என்பதால், அங்கே சூடேறி, பாறையின் உப்புகளையும் கந்தகத்தையும் கரைத்துக்கொண்டு வேறொரு பிளவு வழியாக மேலே வருகின்றன. அவ்வூரின் மிகச் சூடான ஊற்று 77 டிகிரி. அதை ஆற்றித்தான் குளிக்கத் தருகிறார்கள். அம்மா கழுத்திலிருந்த வெள்ளிச் சிலுவை நான்காம் நாளே கரியாகக் கறுத்துவிட்டது. ஏதோ கெட்ட குறி என்று அவர் கலங்கிப்போனார். கந்தகம் வெள்ளியோடு சேர்ந்தால் அப்படித்தான் ஆகும் என்று விளக்கி, பல்பொடி வைத்துத் தேய்த்துக் காட்டிய பிறகே சமாதானமானார். வெள்ளி நகைகளை வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள்.

எங்களுக்கு உண்மையான சிரமம் வேறிடத்தில் இருந்தது. உங்கள் வீட்டில் வயதான பெண்கள் இருந்தால் இதை முன்பே பேசிவிடுவது நல்லது. அங்குள்ள குளத்தில் புடவையோடோ நைட்டியோடோ இறங்க முடியாது. நீச்சலுடையும் தலைத்தொப்பியும் கட்டாயம். கடையில் அந்த உடையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "எழுபது வயசுல இதைப் போட்டுக்கிட்டு நாலு பேர் முன்னாடி நிக்கச் சொல்றியா?" என்று கேட்ட அம்மாவுக்கு, என்னிடம் உடனே பதில் இல்லை. வழி சொன்னவர் சிகிச்சை நிலையத்தின் பணிப்பெண்தான். முதல் வாரம் குளத்தைத் தவிர்த்துத் தனியறைத் தொட்டிக் குளியலையும், முழங்காலில் சூடான சேறு அப்புவதையும் மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று மருத்துவரிடம் பேசி ஏற்பாடு செய்தார். இரண்டாம் வாரம் அம்மா நீண்ட துவாலை அங்கியைக் குளத்தின் படி வரைக்கும் போர்த்திக்கொண்டு போய், அங்கே கழற்றிக் கொடுத்துவிட்டு, கழுத்தளவுத் தண்ணீருக்குள் விரைந்து இறங்கினார். உள்ளே இருந்த அனைவரும் அவர் வயதுக்காரர்கள், அனைவருக்கும் முழங்கால் வலி. தண்ணீர் உடல் எடையைத் தாங்கிக்கொள்வதால், தரையில் மடக்க முடியாத காலை அங்கே மடக்கி நீட்டிப் பயிற்சி செய்தார். என் கணிப்பில், பயனில் பெரும்பங்கு இந்தப் பயிற்சிக்கும் சூட்டுக்கும் உரியது. கந்தகத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது எளிதன்று.

முதல் வாரக் கடைசியில் வலி கூடியது, உடம்பு அடித்துப்போட்டது போல அசதி. ஊருக்குத் திரும்பிவிடலாம் என்றார். இது பலருக்கும் வருவதுதான் என்று மருத்துவர் ஒரு நாள் சேற்றை நிறுத்தினார். மூன்றாம் வாரம், தங்கியிருந்த வீட்டின் மாடிப்படியைக் கைப்பிடியைப் பிடித்தபடி நிற்காமல் ஏறினார். அந்தப் பலன் சுமார் ஏழு மாதம் நீடித்தது. பொங்கலுக்குப் புதுச்சேரி வந்தபோது கடற்கரைச் சாலையில் காந்தி சிலை வரைக்கும் என்னோடு நடந்தார். பிறகு வலி மெல்லத் திரும்பியது. தேய்ந்த மூட்டை எந்த நீரும் புதுப்பிக்காது. பிரெஞ்சு மருத்துவர்கள் 462 முழங்கால் நோயாளிகளிடம் நடத்தி 2010-இல் வெளியிட்ட ஆய்விலும், வீட்டுப் பயிற்சியோடு ஊற்றுச் சிகிச்சையும் பெற்றவர்களில் பாதிப்பேர் ஆறாம் மாதத்தில் குறிப்பிடத்தக்க அளவு தேறியிருந்தார்கள். வீட்டுப் பயிற்சி மட்டும் செய்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே மேல். யாருக்கு எது தரப்படுகிறது என்பதை மறைக்க முடியாத ஆய்வு அது என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

இதயம் பலவீனமானவர்களும், ஆறாத புண், இரத்தக்கட்டி, புற்றுநோய்ச் சிகிச்சை போன்றவை உள்ளவர்களும் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் போகக் கூடாது. சூட்டில் இரத்த அழுத்தம் இறங்கும் என்பதால் தொட்டியிலிருந்து சட்டென்று எழக் கூடாது.

சுற்றுலா விசாவில் போகிறவர்களுக்கு இந்த அரசுக் காப்பீடு கிடைக்காது. அவர்கள் ஊர் நடுவில் இருக்கும் 'லாத்ர்' தொட்டிக்குப் போகலாம்; சிலுவைப் போரிலிருந்து தொழுநோயோடு திரும்பிய வீரர்களுக்காக 1260-இல் ஒன்பதாம் லூயி மன்னர் கட்டுவித்தது என்பார்கள். இன்றும் யாரும் கட்டணமின்றிக் கல்திண்ணையில் உட்கார்ந்து காலை நனைக்கலாம். அம்மா மாலைதோறும் புடவையைக் கணுக்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு அங்கேதான் உட்கார்ந்திருப்பார். துண்டு மட்டும் கையோடு கொண்டுபோங்கள், அங்கே தரமாட்டார்கள்.