பிடித்த கேம் வரிசையில் ஒரு பாகம் மட்டும் ஏமாற்றினால் முடிப்பதா, விற்பதா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொன்னால்: ரொம்பப் பிடித்த டாக்டிக்ஸ் ஆர்பிஜி (கட்டம் கட்டமாக ஆட்களை நகர்த்திச் சண்டை போடும் கதை கேம்) வரிசையில் புதிதாக வாங்கிய பாகம் சப்பென்று இருக்கிறது, பல்லைக் கடித்துக்கொண்டு முடிப்பதா, விற்றுவிடுவதா?

எந்த பாகம் என்று நீங்கள் சொல்லவில்லை. ஃபயர் எம்பளம் எங்கேஜாகத்தான் இருக்கும். 2019இல் அதே வரிசையில் வந்த திரீ ஹவுசஸின் மூன்று வீட்டிலும் மாறி மாறிக் குடித்தனம் நடத்தியிருப்பீர்கள். 2023இல் எங்கேஜை வாங்கி, சண்டை இவ்வளவு நன்றாக இருக்கிறதே, கதை ஏன் இப்படி என்று நொந்திருப்பீர்கள். வேறு கேம் என்றால் மன்னிக்கவும், நோய் ஒன்றுதான்.

விற்காதீர்கள். விற்றவன் சொல்கிறேன். இத்தனைக்கும் நான் விற்றது ஏமாற்றிய கேமை இல்லை. அதை வாங்குவதற்காக நல்ல கேமை விற்றேன்.

2003. சிங்கப்பூரில் உயர்நிலை நான்கு, வருடக் கடைசியில் ஓ லெவல் தேர்வு. என்னிடம் பிளேஸ்டேஷனில் ஃபைனல் ஃபேன்டசி டாக்டிக்ஸ் இருந்தது. வகுப்பில் மற்றவர்களிடம் இருந்ததெல்லாம் நகல் சிடி, என்னுடையது அசல். பெரியப்பா மகன் அமெரிக்காவில் படித்து முடித்துத் திரும்பும்போது கொண்டுவந்து கொடுத்தது. 1997இல் ஜப்பானிலும் அடுத்த வருடம் அமெரிக்காவிலும் வந்த கேம். ஆங்கில மொழிபெயர்ப்பு கண்றாவி, பாதி வசனம் யார் யாரிடம் சொல்கிறார்கள் என்றே புரியாது. ஆனாலும் முதல் அத்தியாயத்தின் முடிவை இன்றும் மறக்க முடியவில்லை. பனி கொட்டும் ஒரு கோட்டை. பெரிய வீட்டுப் பையன் ராம்சா, அவன் கூடவே வளர்ந்த ஏழைத் தோழன் டெலிட்டா. டெலிட்டாவின் தங்கையை எதிரிகள் பிணையாகப் பிடித்து நிறுத்தியிருக்கிறார்கள். ராம்சாவின் அண்ணன் 'எய்' என்கிறான். அவள் விழுகிறாள். அதற்குப் பிறகு டெலிட்டா யாரையும் நம்புவதில்லை. களத்தில் நம் ஆள் விழுந்தால் தலைக்குமேல் மூன்றிலிருந்து எண்ணிக்கை இறங்கும், அதற்குள் எழுப்பாவிட்டால் ஆள் போனது போனதுதான். அப்படி ஒருத்தனை இழந்துவிட்டு அன்றிரவு நான் சரியாகச் சாப்பிடவில்லை. சிரிக்காதீர்கள்.

அந்த வருடம் பிப்ரவரியில் ஜப்பானில் கேம்பாய் அட்வான்ஸ் என்ற கைக்கருவிக்கு அதே வரிசையின் டாக்டிக்ஸ் அட்வான்ஸ் வந்தது. ஆங்கிலப் பதிப்பு எப்போது என்று கடைக்காரருக்குத் தெரியாது. எனக்குப் பொறுமை இல்லை. கேம்பாய் அட்வான்ஸில் எந்த நாட்டு கேட்ரிட்ஜும் ஓடும் என்பது வேறு வினையாகிப் போனது. பழைய சிடியையும், 80 மணி நேர ஆட்டம் சேமித்திருந்த மெமரி கார்டையும் சேர்த்துக் கொடுத்து ஜப்பானியப் பதிப்பையே வாங்கினேன். அவர் கணக்கில் கழித்தது 18 வெள்ளி. மீதிக்குத் தீபாவளிக் காசு.

வாங்கிய அடுத்த வாரம் சார்ஸ் தொற்றுக்காகப் பள்ளிகளை மூடினார்கள். மார்ச் 27 என்று ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் நான் சந்தோஷப்பட்டேன். (ஊரே பயந்துகிடந்தபோது சந்தோஷப்பட்டாயா என்று யாராவது கேட்பீர்கள். பதினாறு வயது, விட்டுவிடுங்கள்.) அம்மா அப்பா வேலைக்குப் போனதும் ஜன்னல் ஓரம் உட்கார்ந்துவிடுவேன். அந்த கேம்பாய்க்குத் திரையில் வெளிச்சம் கிடையாது, வெயில் வேண்டும்.

ஜப்பானிய மொழியில் ஒரு எழுத்து தெரியாது. ஆனால் அந்த கேமில் ஒரு பெரிய விஷயமே சட்டம்தான். ஒவ்வொரு சண்டைக்கும் இன்று இது தடை என்று விதி இருக்கும்: தீ மந்திரம் கூடாது, வாள் கூடாது, இப்படி. கவசம் போட்ட நீதிபதி ஒருவர் சோக்கோபோப் பறவைமேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார். மீறினால் மஞ்சள் அட்டை, முற்றினால் சிவப்பு அட்டை, ஆள் சிறைக்குப் போவான். எனக்கு எதுவும் புரியாததால் விசில் சத்தமும் அட்டையும் மட்டும்தான். மெல்லுகோந்து விற்கக்கூடாது, எம்ஆர்டி ரயிலில் டுரியான் கூடாது என்று வளர்ந்த பிள்ளை நான். அந்த விதிகளாவது படித்தால் புரியும்.

அப்புறம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுத ஆரம்பித்தேன். எந்தக் கிறுக்கல் வந்த நாளில் எதைச் செய்தால் அட்டை வந்தது என்று ஒரு அட்டவணை. ஒன்பதாவது மாடியில் ஒரு சீனத் தோழன் இருந்தான். புளோக் கீழே சதுரங்கக் கட்டம் போட்ட கல் மேசையில் உட்கார்ந்து, நான் பார்த்து வரைந்த எழுத்துகளை அவனிடம் காட்டுவேன். பாதி சீன எழுத்து, சொல்லிவிடுவான். மீதி ஜப்பானியர்களுக்கே உரிய எழுத்து, அவனுக்கும் தெரியாது. நான் வரைந்த லட்சணத்தில் சீன எழுத்திலேயே பாதி அவனுக்குப் புரியவில்லை என்பது வேறு.

கதையை நானே கட்டிக்கொண்டேன். பனியில் பள்ளிப் பிள்ளைகள் பனிக்கட்டி எறிந்து விளையாடுவார்கள், ஒரு பழைய புத்தகத்தைத் திறப்பார்கள், ஊர் மாறிவிடும், ராணி, இளவரசன், நீதிபதிகள் எல்லாம் வருவார்கள். அந்தப் பள்ளிக்கூடம் இளவரசன் காணும் கனவு, ராஜ்ஜியம்தான் நிஜம் என்று முடிவு செய்தேன். ராணி ராஜாவுக்கு விஷம் வைத்திருக்கிறாள். நீதிபதிகள் பழைய கேமில் வந்த திருச்சபையின் கைக்கூலிகள். நாயகன் மார்ஷ் ராம்சாவின் வம்சம். அவன் போய்ப் போய் உடைக்கும் படிகங்கள் பழைய கேமின் ராசிக் கற்கள். எல்லாம் பொருந்திவந்தது. சார்ஸ் முடிவதற்குள் எனக்கு ஒரு பிரமாதமான இரண்டாம் பாகம் கிடைத்துவிட்டது.

செப்டம்பரில் அமெரிக்காவில் ஆங்கிலப் பதிப்பு வந்தது. அதே ஒன்பதாம் மாடிக்காரன் வாங்கினான், நான் இரவல் வாங்கினேன். நான் நினைத்தது அப்படியே தலைகீழ். பள்ளிக்கூடம் நிஜம், ராஜ்ஜியம் கனவு. ராணி, செத்துப்போன தாயை நினைத்து ஒரு பையன் உண்டாக்கிக்கொண்ட உருவம். நிஜத்தில் சக்கர நாற்காலியில் இருக்கும் மார்ஷின் தம்பி அங்கே ஓடியாடுகிறான். வெள்ளை முடி என்று கேலிக்கு ஆளான பெண்ணுக்கு அங்கே சிவப்பு முடி. மார்ஷ் அதையெல்லாம் உடைத்து எல்லோரையும் வீட்டுக்குக் கூட்டிப்போகப் பார்க்கிறான். விஷமும் இல்லை, வம்சமும் இல்லை. ஜாக்ட் என்ற சட்டமில்லாத இடங்களைத் தவிர வேறெங்கும் நம் ஆள் யாரும் நிரந்தரமாகச் சாவதும் இல்லை.

இப்போது கீழே கருத்து எழுத வருகிறவர்களுக்கு. அது மோசமான கேம் என்று நான் சொல்லவில்லை. 300 பணிகள், அந்தச் சின்னத் திரையில் அவ்வளவு அழகு, சாகிமோட்டோவின் இசை, எல்லாம் தெரியும். டாக்டிக்ஸை இயக்கிய மட்சுனோ இதில் தயாரிப்பாளர் மட்டும்தான் என்பதும் தெரியும். மார்ஷ்தான் உண்மையான வில்லன் என்று கொடி பிடிக்கும் கூட்டத்திலும் நான் இல்லை. ஆனால் சட்ட விஷயத்தில் பிடிவாதம் பிடிக்காதீர்கள். 2007இல் வந்த அடுத்த பாகமான டாக்டிக்ஸ் ஏ2வில் அவர்களே சிறையை எடுத்துவிட்டார்கள். நன்றாக இருந்திருந்தால் எதற்கு எடுக்கப்போகிறார்கள்?

விளையாட்டுப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பள்ளியில் தமிழ்க் கட்டுரை என்றால் வருடம் தவறாமல் ஒரு தலைப்பு உண்டு: மின்னியல் விளையாட்டுகளால் விளையும் தீமைகள். நன்மைகள் என்று ஒருமுறைகூட வந்ததில்லை. கண் கெடும், படிப்பு கெடும், அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு, முடிந்தது. அந்த வருடமும் வந்தது. முந்தைய நாள் இரவு பதினொரு மணிவரை நீதிபதியிடம் மஞ்சள் அட்டை வாங்கிக்கொண்டிருந்த நான், விளையாட்டு இளையர்களைச் சீரழிக்கிறது என்று இரண்டு பக்கம் எழுதினேன். ஆசிரியை வகுப்பில் வாசித்துக் காட்டினார். தெரியாத மொழியில் ஒருத்தன் இரண்டு வாரம் உட்கார்ந்து அட்டவணை போட்டுப் படித்திருக்கிறான், அதை எழுத எந்தத் தலைப்பிலும் இடமில்லை. தமிழில் பிள்ளைகள் எழுதுவதில்லை என்று இப்போது வருத்தப்படுகிறார்களே, அவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. சரி, அது வேறு கதை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். கதைதான் பிடிக்கவில்லை என்றால் வசனத்தைத் தள்ளிவிட்டு சண்டையை மட்டும் ஆடிப் பாருங்கள். எங்கேஜில் மோதிரத்துக்குள்ளிருந்து பழைய நாயகர்கள் வருகிறார்களே, அவர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதை நீங்களே கற்பனையாகக் கட்டிக்கொள்ளலாம். அப்படியும் ஓடவில்லையா, அலமாரியில் போடுங்கள். பாதியில் விடுவது குற்றமில்லை, இங்கே நீதிபதி யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. 18 வெள்ளிக்குக் கொடுக்க மட்டும் வேண்டாம்.

பழைய டாக்டிக்ஸ் 2025 செப்டம்பர் 30 அன்று இவாலிஸ் குரோனிக்கிள்ஸ் என்ற பெயரில் குரலெல்லாம் போட்டுத் திரும்ப வந்தது. வந்த அன்றே வாங்கினேன். பனிக் கோட்டை வரும் இடத்தில் ஒருநாள் நிறுத்திவைத்துவிட்டுத்தான் தொடர்ந்தேன்.

அந்த அட்டவணையும் கிடைத்துவிட்டது. வீடு மாறும்போது அம்மாவின் பெட்டியில் என் தமிழ்க் கட்டுரைப் புத்தகம் இருந்தது. நல்ல மதிப்பெண் என்பதால் பத்திரமாக வைத்திருந்தாராம். முன்பக்கத்தில் மின்னியல் விளையாட்டுகளின் தீமைகள், ஆசிரியையின் சிவப்பு மையில் 'மிக நன்று'. பின்பக்கத்திலிருந்து தலைகீழாகப் பதினோரு பக்கம் சட்டங்கள்.