கொலைகாரனை மனக்கண்ணில் பார்க்கும் பாத்திரம் வருகிற த்ரில்லர் படங்களில் உங்களை உண்மையிலேயே பயப்பட வைத்தது எது?

கேள்வி கேட்டவர் கூடவே ஒரு சந்தேகத்தையும் எழுதியிருக்கிறார்: கொலை நடக்கும் முன்பே நமக்குக் காட்டிவிடுகிறார்களே, அப்புறம் பயம் எங்கிருந்து வரும்? எனக்கு அந்தச் சந்தேகத்துக்குப் பதில் சொல்லத்தான் அதிகம் ஆசை. முதலில் படத்தைச் சொல்லிவிடுகிறேன். 'நூறாவது நாள்', 1984, மணிவண்ணன் இயக்கியது.

இலங்கை மலைநாட்டில், தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். எண்பதுகளின் கடைசியில் எங்கள் லயத்துக்கு, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, கரண்ட் கிடையாது. திருவிழா, தீபாவளி என்றால் வீட்டுக்கு வீடு காசு சேர்த்து, டவுனிலிருந்து டிவி, வீடியோ டெக், ஜெனரேட்டர் மூன்றையும் வாடகைக்கு எடுத்து வருவார்கள். மாரியம்மன் கோயில் முன்னால் ஒரு மேசை போட்டு விடிய விடிய மூன்று படம் ஓடும். பகலெல்லாம் மலையேறிக் கொழுந்து எடுத்த பெண்கள் இரண்டாவது படத்திலேயே கம்பளியைப் போர்த்திக்கொண்டு தூங்கிவிடுவார்கள். இந்தப் படம் போட்ட இரவு ஒருவரும் தூங்கவில்லை.

கதாநாயகியாக வரும் நளினியின் கண்ணுக்குக் கொலை தெரிகிறது. முழுசாக அல்ல, துண்டு துண்டாக. கல்யாணமாகிப் போன வீட்டில் ஒரு சுவரைப் பார்த்ததும் அவள் நடுங்குகிறாள். அதை ஏற்கனவே பார்த்திருக்கிறாள். அவள் அந்தச் சுவரை உடைக்கும்போது எங்கள் வரிசையில் இருந்த அம்மாயி என் கையை இறுக்கிப் பிடித்தது இன்றும் ஞாபகம் இருக்கிறது. மொட்டைத் தலையும் கண்ணாடியுமாக சத்யராஜ் வந்தபோது சின்னப் பிள்ளைகள் அழுதே விட்டார்கள். இளையராஜாவின் பின்னணி இசையைக் கேட்டுக்கொண்டே கண்ணை மூடினால் பயம் இரண்டு மடங்காகும், அதையும் அன்று தெரிந்துகொண்டேன். படம் முடிந்து தேயிலைக்கு நடுவே பனிமூட்டத்தில் லயத்துக்கு நடந்தபோது யாரும் பேசவில்லை.

ஒரு பெண்ணுக்கு இப்படித் தெரியுமா, இது நடக்கிற காரியமா என்று நகரத்தில் இருப்பவர் கேட்கலாம். எங்கள் கூட்டத்தில் அந்தக் கேள்வியே எழவில்லை. தொழிற்சாலை இயந்திரத்துக்கே ரோதைமுனி என்று காவல்சாமி இருக்கிற இடம் அது. சாமி கும்பிட்டுவிட்டுத்தான், தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தியைக் கையில் எடுப்பார்கள். அவளுக்குத் தெரிகிறது என்பதை முதல் காட்சியிலேயே ஏற்றுக்கொண்டுவிட்டோம். எங்களைப் பயமுறுத்தியது வேறு: அவள் பார்த்தது என்ன என்று அவளுக்கே புரியவில்லை. நடந்ததா, நடக்கப்போவதா? அந்த உருவம் யாருடையது? தெரிந்ததைத் தப்பாகப் படித்துவிட்டால் என்ன ஆகும்?

என் மாமாவுக்கு நடந்ததைச் சொன்னால், அந்தக் கேள்வி என்னை ஏன் அப்படிப் பிடித்துக்கொண்டது என்று உங்களுக்குப் புரியும். படம் பார்த்ததற்கு முந்தின வருஷம் பக்கத்து லயத்தில் ஒரு அக்காவின் இரண்டு பவுன் சங்கிலி காணாமல் போனது. குறி சொல்லும் கோடங்கியைக் கூட்டி வந்தார்கள். உடுக்கை அடித்து, வெகுநேரம் ஆடி, கடைசியில் அவர் சொன்னது இவ்வளவுதான்: "மேலே இருக்கிற லயம். கையில் வெட்டுத் தழும்பு உள்ளவன்." மேல் லயத்தில் எல்லா ஆண்களும் கவ்வாத்து வெட்டுகிறவர்கள். தழும்பில்லாத கை அங்கே எது? ஆனாலும் கூட்டம் முழுவதும் திரும்பி என் மாமாவைத்தான் பார்த்தது. அவருடைய தழும்பு மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நீளம், தூரத்திலிருந்தே தெரியும்.

பொலிசுக்குப் போகவில்லை. அடிக்கவும் இல்லை. மூன்று மாதம் லயத்தில் எங்கள் அறையான காம்பிராவில் ஒருவரும் தேத்தண்ணி குடிக்கவில்லை. அம்மாயி பைப்படிக்குப் போனால் பேச்சு நின்றுவிடும். பிறகு ஒருநாள் பழைய கம்பளி ஒன்றின் தையலைப் பிரித்தபோது உள்ளே சங்கிலி இருந்தது. பயந்து அதை அங்கே ஒளித்துத் தைத்து வைத்த அந்த அக்காவின் மாமியார் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். அந்த அக்கா எங்கள் வாசலில் வந்து அழுதார். மாமா ஒன்றும் சொல்லவில்லை, உட்காரப் பலகையை எடுத்துப் போட்டார்.

கோடங்கி பொய் சொன்னார் என்று நான் இன்றும் சொல்லமாட்டேன். ஒரு தழும்பு அவருக்குத் தெரிந்திருக்கலாம். அதற்கு மாமாவின் பெயரை வைத்தது எங்கள் தோட்டம்.

இது மலைநாட்டில் மட்டும் நடக்கிற விஷயம் இல்லை. அமெரிக்காவின் பொஸ்டன் நகரத்தில் 1962 ஜூனிலிருந்து 1964 ஜனவரி வரை 13 பெண்கள் கொல்லப்பட்டார்கள். விசாரணை முட்டி நின்றபோது, பீட்டர் ஹர்கோஸ் என்ற டச்சுக்காரரை, மனக்கண்ணில் பார்க்கக்கூடியவர் என்று அழைத்து வந்தார்கள். அவர் சுட்டிக்காட்டியது ஒரு செருப்பு விற்பனையாளரை. பின்னால் கொலைகளை ஒப்புக்கொண்டவர் அல்பர்ட் டிசால்வோ என்ற வேறொருவர். கடைசிக் கொலையில் அவருக்குத் தொடர்பு உண்டு என்று மரபணுச் சோதனை சொன்னது 2013இல்தான். இந்த வழக்கைப் படிக்கும்போதெல்லாம் நான் நினைத்துக்கொள்வது அந்தச் செருப்பு விற்பவரைத்தான். அவர் வீட்டில் அந்த மாதங்கள் எப்படிப் போயிருக்கும்?

ஆகவே உங்கள் சந்தேகத்துக்கு என் பதில்: கொலையை முன்கூட்டியே காட்டுவதால் பயம் குறைவதில்லை. ஒரு விரல், ஒரு விளக்கு, ஒரு சுவர் என்று கொஞ்சமாகக் காட்டி, மீதியை நாமே நிரப்பும்படி விட்டுவிடுகிறார்கள். அங்கே தப்புச் செய்வது நாம். 'நூறாவது நாள்' படத்துக்கு மூலம் 1977இல் லூசியோ ஃபுல்சி எடுத்த ஓர் இத்தாலியப் படம். அதன் முழுக் கதையும் இந்த ஒரு முடிச்சில்தான் தொங்குகிறது. மணிவண்ணன் அதை நம் வீடுகளுக்குள் கொண்டுவந்தார். புகுந்த வீட்டில் ஒரு பெண் 'எனக்கு இப்படித் தெரிகிறது' என்று சொன்னால் யார் காது கொடுப்பார்கள் என்ற கவலை நம் ஆட்களுக்கு உடனே புரியும். அதை அவர் சரியாகப் பிடித்திருக்கிறார்.

வேறு படம் வேண்டுமென்றால் 'ஐஸ் ஒஃப் லோரா மார்ஸ்' (Eyes of Laura Mars) பாருங்கள். 1978, ஃபே டனவே நடித்தது. படத்தில் அவர் ஒரு புகைப்படக் கலைஞர். கொலைகாரன் எதைப் பார்க்கிறானோ அது அவருக்குத் தெரியும், அந்த நேரத்தில் தன் முன்னால் இருப்பது தெரியாது. துரத்தப்பட்டு ஓடும்போது அவர் கண்ணுக்குத் தெரிவது ஓடிக்கொண்டிருக்கும் தன் சொந்த முதுகு! இந்த ஒரு காட்சிக்காகவே அதை நான் மூன்று தடவை பார்த்திருக்கிறேன்.

2015இல் வந்த 'சொலஸ்' படத்தில் அந்தனி ஹொப்கின்ஸ் மனக்கண்ணில் பார்ப்பவர், கொலின் ஃபாரெல் கொலைகாரன். இவரைவிட அவனுக்கு அதிக தூரம் தெரியும் என்பது நல்ல யோசனை. தீராத நோயில் இருப்பவர்களை வலியில்லாமல் கொல்கிறான் என்பதும் நம்மை நிம்மதியாக இருக்கவிடாது. ஆனால் காட்சிகள் விளம்பரப் படம் போலப் பளபளவென்று வந்து போகின்றன, மனதில் தங்கவில்லை.

'நூறாவது நாள்' இதுவரை பார்க்கவில்லை என்றால் கதைச் சுருக்கத்தைத் தேடிப் படிக்காதீர்கள், கொலைகாரன் யார் என்பதை நானும் இங்கே வேண்டுமென்றே எழுதவில்லை. இரவில் பாருங்கள், ஃபோனில் வேண்டாம், டிவியில் போடுங்கள். முடிந்ததும் தூங்கப் போகாமல், அவளுக்குக் காட்சிகள் தெரியும் இடங்களை மட்டும் திரும்ப ஓட்டிப் பாருங்கள். முதல் தடவை அந்தத் துண்டுகளை வைத்து நீங்கள் யாரைச் சந்தேகப்பட்டீர்கள் என்று கீழே எழுதினால் நான் கட்டாயம் வாசிப்பேன்.