நிலத்தைப் பறித்தவர்களின் பேத்தியும் பறிகொடுத்தவர்களின் மகளும் தோழிகளாக இருக்க முடியுமா?

முடியும். ஆனால் பழையதையெல்லாம் மறந்துவிடலாம் என்று தொடங்கும் நட்பில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆஸ்திரேலியாவின் இரு பெண் கவிஞர்களைப் படித்த பிறகுதான் இதை இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

ஜூடித் ரைட், 1915இல் நியூ இங்கிலாந்து பகுதியின் பெரும் மேய்ச்சல் பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர். ஊட்ஜெரூ நூனுக்கல் (அப்போது கேத் வாக்கர்) 1920இல் பிறந்து, குயின்ஸ்லாந்தின் மின்ஜெரிபா தீவில் வளர்ந்து, 13 வயதில் படிப்பை விட்டு வீட்டு வேலைக்குப் போனவர். அவருடைய கவிதைகளின் கையெழுத்துப் படி பிரிஸ்பேன் பதிப்பகம் ஒன்றுக்கு வந்தபோது, படித்துப் பார்த்து வெளியிடச் சொன்னவர் ரைட். 1964இல் 'வீ ஆர் கோயிங்' வெளிவந்தது. ஆஸ்திரேலியப் பழங்குடிப் பெண் ஒருவரின் முதல் கவிதை நூல் அது.

தலைப்புக் கவிதையில், எஞ்சிய சிலர் தங்கள் பழைய சடங்குக் களத்தைத் தேடி ஒரு சிற்றூருக்கு வருகிறார்கள். அங்கே நிற்பது வீட்டுமனைத் தரகரின் அறிவிப்பு: இங்கே குப்பை கொட்டலாம். களத்தின் வட்டத்தைக் குப்பை பாதி மூடிவிட்டது. இந்தக் கவிதைகளை வெறும் பிரசாரம் என்று ஒதுக்கிய விமர்சகர்கள் இருந்தார்கள். அதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

ஊட்ஜெரூவுக்காக ரைட் எழுதிய 'டூ டிரீம்டைம்ஸ்' 1973இல் ஒரு தொகுப்பில் வந்தது. ஆற்றங்கரையில் தங்கியிருந்த கறுப்பினக் குழந்தைகளோடு விளையாடத் தன்னை விடவில்லை என்பதைச் சொல்கிறார். நம் இருவருக்கும் நடுவே கத்தி இருக்கிறது என்கிறார். பிறகு அதைத் திருப்பி, கைப்பிடியைத் தோழியின் பக்கம் வைக்கிறார். மன்னிப்பை அவர் கேட்டு வாங்கவில்லை. அதனாலேயே அந்தக் கவிதையை நம்புகிறேன்.

நட்புக்காக ஊட்ஜெரூவும் தன் குரலைத் தாழ்த்திக்கொள்ளவில்லை. வெள்ளையர் குடியேற்றத்தின் 200ஆம் ஆண்டு விழாவை எதிர்த்து, 1970இல் பெற்ற பிரிட்டிஷ் அரச விருதை 1987இல் திருப்பிக் கொடுத்தார்.

ரைட் 1959இல் எழுதிய 'தி ஜெனரேஷன்ஸ் ஆஃப் மென்' அவருடைய தாத்தா ஆல்பர்ட், பாட்டி மே ஆகியோரின் கதை. குடும்பத்தின் கஷ்டமும் உழைப்பும்தான் அதன் மையம். 1981இல் 'தி க்ரை ஃபார் தி டெட்' நூலில் அதே மேய்ச்சல் நிலத்துக்குத் திரும்பி வந்து, அங்கே வாழ்ந்த வாட்ஜா மக்கள் எப்படி அழிக்கப்பட்டார்கள் என்று எழுதினார். படிப்பதென்றால் இவ்விரண்டையும் இதே வரிசையில் படியுங்கள்.