ட்ரெண்டன் தூரம், டவுன்ஷிப் பக்கம்: நியூ ஜெர்சிவாசிகளின் பாதுகாப்புக் கேள்விகள்

எங்கள் டவுன்ஷிப்பில் ‘செர்ட்’ என்கிற அவசரகாலத் தன்னார்வக் குழுவில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். பச்சை ஹெல்மெட், பச்சை வெஸ்ட் போட்டுக்கொண்டு புயல் நாளில் ரோட்டில் நிற்பவர்களைப் பார்த்திருப்பீர்கள், அந்தக் கூட்டத்தில் ஒருவன். தமிழ்ப் பள்ளி வாசலிலும் கோயில் கேன்டீனிலும் என்னை மடக்கி நண்பர்கள் கேட்ட கேள்விகளில் சில இவை.

ஹோம்லேண்ட் செக்யூரிட்டி (உள்நாட்டுப் பாதுகாப்பு) என்றால் வாஷிங்டன் சமாச்சாரம்தானே? நியூ ஜெர்சிக்கு எதற்குத் தனியாக ஒரு அலுவலகம்? (எடிசன் வாசகர்)

2001-ல் இந்த மாநிலம் பட்ட அடிதான் காரணம். செப்டம்பர் 11 அன்று இறந்தவர்களில் சுமார் 750 பேர் நியூ ஜெர்சிக்காரர்கள். அந்த அதிர்ச்சி அடங்குவதற்குள் ஆந்த்ராக்ஸ் கிருமித் தூள் வைத்த கடிதங்கள் கிளம்பின. அவற்றில் இருந்தது மாநிலத் தலைநகர் ட்ரெண்டனின் தபால் முத்திரை. பிரின்ஸ்டன் நாசாவ் தெருவில் ஒரு தபால் பெட்டியிலேயே அந்தக் கிருமியின் தடயம் கிடைத்தது. அந்தக் கடிதங்கள் கடந்துபோன ஹாமில்டன் தபால் நிலையத்தைச் சுத்தம் செய்து மறுபடி திறக்க 2005 ஆகிவிட்டது. அதே 2001 அக்டோபரில் மாநிலம் தனிச் சட்டம் போட்டு ஒரு பாதுகாப்புக் குழு அமைத்தது. பிறகு பயங்கரவாதத் தடுப்புக்கு ஓர் அலுவலகம் வந்தது. 2006-ல் ஆளுநர் ஜான் கார்சைன் ஆணை பிறப்பித்து, இப்போதுள்ள ‘ஹோம்லேண்ட் செக்யூரிட்டி அண்ட் பிரிபேர்ட்னெஸ்’ அலுவலகத்தை உருவாக்கினார். அதன் தலைவருக்கு அமைச்சரவைத் தகுதி உண்டு.

ஆனால் எல்லாவற்றையும் இவர்களே செய்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கல்யாண வீட்டில் யார் யார் வருகிறார்கள், எங்கே சண்டை வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு திரிபவர் ஒருவர், பந்தியை நடத்துபவர் வேறொருவர் இல்லையா? ஹோம்லேண்ட் அலுவலகம் முதல் ரகம்: தகவல் திரட்டுவது, ஆபத்தை எடைபோடுவது, பயிற்சி, மானியம். பந்தியை நடத்துவது மாநிலக் காவல்துறைக்குள் இருக்கும் எமர்ஜென்சி மேனேஜ்மென்ட் அலுவலகம். புயலோ குண்டுவெடிப்போ, களத்தில் ஒருங்கிணைப்பது அவர்கள். இரு தரப்பும் சந்திக்கும் இடம் வெஸ்ட் ட்ரெண்டனில் மாநிலக் காவல்துறை வளாகத்தில் இருக்கிறது. ‘ராக்’ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். மத்திய அமைப்புகள், மாநிலம், கவுன்டி எல்லாவற்றிலிருந்தும் வரும் தகவலை ஒன்றாக வைத்துப் பார்ப்பது அங்கேதான்.

இதற்குக் கீழே 21 கவுன்டிகள், 564 ஊராட்சிகள். ஒவ்வொன்றிலும் எமர்ஜென்சி மேனேஜ்மென்ட் கோஆர்டினேட்டர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்பது சட்டம். ஊராட்சி என்றால் மேயர் அந்த ஊரில் வசிக்கும் ஒருவரை மூன்று ஆண்டுக்கு நியமிப்பார். பெரும்பாலும் போலீஸ்காரர் அல்லது தீயணைப்புக்காரர். தன் ஊர் அளவுக்கு அவசர நிலை அறிவிக்கும் அதிகாரமும் அவருக்கு உண்டு. உங்கள் ஆளுநர் பெயர் தெரியும், அமெரிக்க அதிபர் பெயர் தெரியும். இவர் பெயர் தெரியுமா? வெள்ளம் வரும் ராத்திரியில் உங்கள் தெருவை அடைப்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர் இவர்தான்.

சில சமயம் எல்லார் போனும் ஒரே நேரத்தில் கூவுகிறது. சில சமயம் பக்கத்து ஊர்க்காரனுக்கு மெசேஜ் வந்து எனக்கு வருவதில்லை. ஏன்? (சோமர்செட்)

இரண்டும் வேறு வேறு வழிகள். அந்தக் கர்ணகடூரக் கூவல் டவரிலிருந்து நேரே இறங்குவது. உங்கள் எண் யாருக்கும் தெரிய வேண்டாம், பதிவும் வேண்டாம். அந்தப் பகுதியில் இருந்தால் போதும். டொர்னாடோ (சுழல்காற்று), திடீர் வெள்ளம் போன்றவற்றுக்கு அதைப் பெரும்பாலும் அனுப்புவது தேசிய வானிலைச் சேவை, மாநிலம் அல்ல. பக்கத்து ஊர்க்காரருக்கு வந்தது அவர் ஊர் அனுப்பிய குறுஞ்செய்தி. அதற்கு நீங்களாகப் பதிய வேண்டும். பல ஊர்கள் ‘நிக்சில்’ வைத்திருக்கின்றன. 888777 என்ற எண்ணுக்கு உங்கள் ஜிப் கோடை அனுப்பினால் முடிந்தது. சில ஊர்களில் வேறு செயலி. டவுன்ஷிப் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். சாலை அடைப்பு, மின்சாரம் இல்லாதவர்கள் போன் சார்ஜ் பண்ணும் இடம், குடிநீர் எச்சரிக்கை எல்லாம் இந்த இரண்டாவது வழியில்தான் வரும்.

கூவல் எரிச்சலாக இருக்கிறது என்று பலர் அணைத்துவைத்திருக்கிறார்கள். ஐபோனில் நோட்டிஃபிகேஷன்ஸ் பக்கத்தின் அடியில் ‘கவர்ன்மென்ட் அலர்ட்ஸ்’ இருக்கும். ஒருமுறை போய்ப் பாருங்கள். 2021 செப்டம்பர் 1, ஐடா புயலின் எச்சம் வந்த இரவு, வடகிழக்கு நியூ ஜெர்சிக்கு முதல்முறையாக ‘ஃபிளாஷ் ஃப்ளட் எமர்ஜென்சி’ அறிவிக்கப்பட்டது. எச்சரிக்கை வரத்தான் செய்தது. இருந்தும் மாநிலத்தில் 30 பேர் இறந்தார்கள், நிறையப் பேர் காரோடு வெள்ளத்தில் மாட்டியவர்கள். அப்புறம், ‘வாட்ச்’ என்றால் வரலாம், ‘வார்னிங்’ என்றால் வந்தாயிற்று, இல்லை வந்துகொண்டே இருக்கிறது. இதை வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவையுங்கள்.

எச்சரிக்கை எப்போதும் முந்திக்கொண்டு வரும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். 2024 ஏப்ரல் 5 காலை 10:23-க்கு ஒயிட்ஹவுஸ் ஸ்டேஷன் பக்கம் 4.8 அளவு நிலநடுக்கம் வந்ததே, நியூயார்க் நகரத்தில் போன்கள் கூவியபோது நிலம் ஆடி அரை மணி நேரத்துக்கு மேலாகியிருந்தது.

2024 டிசம்பர் ட்ரோன் விவகாரத்தில் அரசு எதையோ மறைத்தது என்கிறார் என் மைத்துனர். உண்மையா? (பார்சிப்பனி)

மறைத்ததா என்பதைவிட, சொல்லத் தெரியாமல் சொதப்பியது என்பேன்.

நவம்பர் நடுவில் மோரிஸ் கவுன்டியில், பிகாடினி ஆயுதக் கிடங்குப் பக்கம் வானத்தில் விளக்குகள் தெரிவதாகப் பேச்சு ஆரம்பித்தது. ஒரு மாதத்தில் மாநிலம் முழுக்கப் பரவிவிட்டது. எஃப்.பி.ஐ.க்கு 5,000-க்கு மேல் புகார் போனது. அவற்றில் துப்பு என்று தொடர்ந்து பார்க்கும்படி இருந்தவை சுமார் 100. ஈரானின் தாய்க்கப்பல் கடலில் நின்றுகொண்டு ட்ரோன் அனுப்புகிறது என்று ஒரு காங்கிரஸ் உறுப்பினரே சொன்னார், பென்டகன் மறுத்தது. கடைசியில் டிசம்பர் 16-ல் நான்கு மத்திய அமைப்புகள் சேர்ந்து அறிக்கை விட்டன: சட்டப்படி பறக்கும் வணிக ட்ரோன்கள், பொழுதுபோக்கு ட்ரோன்கள், போலீஸ் ட்ரோன்கள், விமானங்கள், ஹெலிகாப்டர்கள், கூடவே நட்சத்திரங்கள். எல்லாவற்றையும் மக்கள் ட்ரோன் என்று நினைத்திருக்கிறார்கள்.

நானும் ஒரு ராத்திரி டிரைவ்வேயில் பக்கத்து வீட்டுக்காரருடன் கழுத்து வலிக்க நின்றேன். வரிசையாக மூன்று வெளிச்சம், அசையாமல் நிற்பது மாதிரியே. விமானங்களைக் காட்டும் செயலியைத் திறந்து அந்தத் திசையில் பிடித்தால், மூன்றும் நுவர்க் விமான நிலையத்தில் இறங்க வரிசை கட்டி வரும் விமானங்கள். நேராக நம்மை நோக்கி வரும் விமானம் நகர்வதே தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர் நம்பவில்லை. “அப்படித்தான் காட்டச் சொல்லியிருப்பார்கள்” என்றார்.

அவர் நம்பாததற்கு அவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். வானம் மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் கையில். ட்ரோனைச் செயலிழக்க வைக்கும் அதிகாரம் அப்போது சில மத்திய அமைப்புகளுக்கு மட்டும் இருந்தது. மாநிலத்துக்கு அன்று அது இல்லை. இதை முதல் வாரத்திலேயே யாராவது நேராகச் சொல்லியிருக்கலாம். “எங்களுக்கு இது தெரியும், இது தெரியாது, வெள்ளிக்கிழமை மறுபடி பேசுகிறோம்” என்றால் போதும். மாறாக, மேயர்கள் கேட்டால் மாநிலத்தைக் கை காட்டினார்கள், மாநிலம் வாஷிங்டனைக் கை காட்டியது. அந்த இடைவெளியில் வாட்ஸ்அப் புகுந்துவிட்டது.

‘பார்த்தால் சொல்லுங்கள்’ என்கிறார்கள். தோல் நிறத்தைப் பார்த்து எங்கள் பிள்ளைகளைப் பற்றியே யாராவது சொல்லிவிட்டால்? நாங்கள் போன் பண்ணினால் விசாவுக்கு வினை வருமா? (ஜெர்சி சிட்டி)

நியாயமான பயம். சொல்ல வேண்டியது ஆளைப் பற்றி அல்ல, செயலைப் பற்றி. தாடி, துப்பட்டா, புரியாத மொழி இவையெல்லாம் செயல் அல்ல. ரயில் நிலையத்தில் பையை வைத்துவிட்டு வேகமாக நழுவுவது, காவலர்கள் எப்போது மாறுகிறார்கள் என்று துருவித் துருவிக் கேட்பது செயல்.

2016 செப்டம்பரில் சீசைட் பார்க், மன்ஹாட்டன், எலிசபெத் குண்டுகள் நினைவிருக்கும். தேடப்பட்டவரின் பெயரும் வயதும் போட்டு நியூயார்க்கில் போன் எச்சரிக்கை போனது. படம் அனுப்ப அப்போது வசதியில்லை, 90 எழுத்துதான் எல்லை. படத்தை ஊடகத்தில் பாருங்கள் என்று முடிந்தது செய்தி. பெயரையும் வயதையும் மட்டும் வைத்துக்கொண்டு அன்று எத்தனை பேரை முறைத்துப் பார்த்திருப்பார்கள்! ஆனால் ஆள் பிடிபட்டது லிண்டனில். தன் மதுக்கடையின் வாசலில் ஒருவர் படுத்துத் தூங்குவதைப் பார்த்து, டி.வி.யில் கண்ட முகம் மாதிரி இருக்கிறதே என்று போலீசைக் கூப்பிட்டவர் ஒரு சீக்கியர். சந்தேகப் பார்வைக்குப் பழகிப்போன சமூகத்து ஆள்தான் அந்த போனைச் செய்தார்.

உடனடி ஆபத்து என்றால் 911. பேச முடியாவிட்டால் அதே எண்ணுக்கு மெசேஜ் அனுப்பலாம். உடனடி இல்லை, ஆனால் உறுத்துகிறது என்றால் மாநிலத்தின் 1-866-472-3365. தகவலை ரகசியமாக வைப்போம் என்கிறது அலுவலகம். விசாவைப் பற்றிய கவலை எதுவானாலும் உங்கள் வழக்கறிஞரிடம் கேளுங்கள், அது என் எல்லை அல்ல.

பயங்கரவாத அபாயத்துக்கு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் அறிவிப்பார்களே, இப்போது என்ன நிறம்? (பிஸ்காட்டவே)

எந்த நிறமும் இல்லை. அந்த முறையை 2011 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

எங்கள் கோயிலுக்குக் கேமராவும் காவலரும் வேண்டும். அரசு உதவுமா? (மத்திய நியூ ஜெர்சி, கோயில் தன்னார்வலர்)

உதவும். லாபநோக்கற்ற அமைப்புகளுக்கான பாதுகாப்பு மானியம் மத்திய அரசிலும் உண்டு, மாநிலத்திலும் உண்டு. இரண்டுக்கும் விண்ணப்பம் போகும் வாசல் ஹோம்லேண்ட் அலுவலகம். கோயில், மசூதி, சர்ச், யூத ஆலயம், எல்லாருக்கும் பொது. சர்வமத ஆலோசனைக் குழு ஒன்றும் வைத்திருக்கிறார்கள், யாராவது ஒருவர் அந்தக் கூட்டங்களுக்குப் போய்வருவது நல்லது.

இரண்டு விஷயம். விண்ணப்பத்தோடு உங்கள் கட்டடத்தின் பலவீனங்களை மதிப்பிட்ட அறிக்கை வேண்டும். கடைசி வாரத்தில் அது முடியாது. மத்திய மானியம் முன்பணம் மாதிரி வருவதில்லை, முதலில் செலவழித்து ரசீது காட்டித் திரும்பப் பெற வேண்டும். ஒரு கமிட்டி ஒப்புதல் வருவதற்கு முன்பே கேமரா வாங்கிவிட்டு, அந்தப் பணத்தைக் கேட்கவே முடியாமல் நின்றதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். கடைசியில் உண்டியல் பணம்தான் அதை ஈடுகட்டியது.

‘ஸ்டேட் ஆஃப் எமர்ஜென்சி’ என்றால் கார் ஓட்டக் கூடாதா? (மன்ரோ)

அந்த அறிவிப்பு மட்டும் போதாது. சாலைத் தடை என்றால் தனியாகச் சொல்வார்கள். பெரும்பாலும் பெரிய லாரிகளுக்குத்தான் முதலில் வரும். அறிவிப்பின் முக்கியப் பயன், தேசியக் காவற்படையையும் மாநில ஆட்களையும் சாமான்களையும் ஆளுநர் இஷ்டப்படி நகர்த்தலாம் என்பது. உங்களுக்கும் ஒரு பயன் உண்டு: நெருக்கடிக்கு முந்தைய விலையைவிட 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றி விற்பது அந்த நாட்களிலும் முடிந்து 30 நாள் வரையிலும் சட்டவிரோதம். ஜெனரேட்டர் ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள்.

டவுன்ஷிப் கணினியை யாரோ முடக்கிவிட்டால் எங்களுக்குச் சொல்வார்களா? (ஈஸ்ட் பிரன்ஸ்விக்)

2023 சட்டப்படி பொது அமைப்புகள் 72 மணி நேரத்துக்குள் ஹோம்லேண்ட் அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். உங்களுக்குச் சொல்வது வேறு கதை, தனிப்பட்ட விவரம் களவுபோனால்தான் கடிதம் வரும். அதே அலுவலகத்தின் இணையப் பாதுகாப்புப் பிரிவு, சுருக்கமாக என்.ஜே.சி.சி.ஐ.சி., 2015 முதல் இருக்கிறது. ‘ஈஸி பாஸ் சுங்கக் கட்டண பாக்கி கட்டுங்கள்’ ரக மோசடி மெசேஜ்களைப் பற்றி அவர்கள் அனுப்பும் எச்சரிக்கை மடல் இலவசம். பதிந்துகொள்ளுங்கள்.

ஊரிலிருந்து அம்மா, அப்பா வந்திருக்கிறார்கள். பகலில் தனியாக இருப்பார்கள், ஆங்கிலம் வராது. எச்சரிக்கை தமிழில் வருமா? (பிளெயின்ஸ்பரோ)

வராது. போன் எச்சரிக்கைகளுக்கு ஆங்கிலம் தவிர 13 மொழிகளில் தயார் வாசகங்கள் வேண்டும் என்று மத்திய தகவல்தொடர்பு ஆணையம் 2023-ல் முடிவெடுத்தது. அதில் இந்தி இருக்கிறது, தமிழ் இல்லை. அப்பாவுக்கு நடக்கச் சிரமம், ஆக்சிஜன் கருவி என்று ஏதாவது இருந்தால் ‘ரெஜிஸ்டர் ரெடி’ பட்டியலில் சேருங்கள். 211 என்ற உதவி எண்ணுக்கு போன் பண்ணியும் சேர்க்கலாம். அவசர நாளில் யார் வீட்டில் யாருக்கு என்ன உதவி வேண்டும் என்று கோஆர்டினேட்டருக்குத் தெரியும். கட்டாயம் ஆள் வருவார் என்ற உத்தரவாதம் அல்ல அது.

மற்றபடி ஃபிரிட்ஜ் கதவுதான். என் அம்மா வந்தபோது ஒரு தாளில் தமிழில் எழுதி ஒட்டினேன். மேலே வீட்டு முகவரி, தமிழ் எழுத்தில், அவர் வாய்விட்டுப் படிக்கும்படி. 911-ல் முதலில் அதைச் சொல்லு, அப்புறம் ‘தமிழ், தமிழ்’ என்று சொல்லு, மொழிபெயர்ப்பாளரைச் சேர்ப்பார்கள், போனை வைத்துவிடாதே. போன் கூவினால் பயப்படாதே, அப்படியே படம் பிடித்து எனக்கு அனுப்பு. பக்கத்து வீட்டு குஜராத்தி அக்காவின் எண். கடைசியில் சிவப்பு மையில் ஒன்று: டொர்னாடோ என்றால் பேஸ்மென்டுக்குப் போ, வெள்ளம் என்றால் பேஸ்மென்ட் பக்கமே போகாதே.